வில்லுப்பாட்டுக் குழுவும் மலிவு விலை மிக்ஸரும் – ஒரு சின்ன வரலாறு

மிக்ஸர் என்றதும் தென்காசிப் பக்கத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டீக்கடைக் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும் மிக்ஸர்தான். காராபூந்தி, ஓமப்பொடி, நிலக்கடலை, கறிவேப்பிலை எல்லாம் அளவாகக் கலந்தால்தான் அது மிக்ஸர். ஓமப்பொடி கூடிவிட்டால் அது வெறும் ஓமப்பொடி! பாட்டுக் கச்சேரியில் பயன்படும் மிக்ஸரும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. பல மைக்குகளில் இருந்து வரும் ஒலிகளை அளவாகக் கலந்து ஒன்றாக வெளியே அனுப்புகிறது. தமிழில் ஒலிக்கலவைக் கருவி என்று சொல்லலாம். ஆனால் எந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்டாலும் மிக்ஸர் என்றால்தான் புரியும்.

ஒரு சிறிய இசைக்குழு தன் பாட்டைப் பதிவு செய்ய நினைத்தால், கைக்கு அடங்கும் விலையில் எந்த மிக்ஸரை வாங்குவது? இது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி போலத் தெரிந்தாலும், இதற்குள் நூறு வருட வரலாறு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருமலைக்கோவிலின் கீழ் இருக்கும் பண்பொழி போன்ற ஊர்களின் வில்லுப்பாட்டை எடுத்துக்கொண்டால் இந்த வரலாறு இன்னும் தெளிவாகப் புரியும்.

குழுவில் எத்தனை பேர்?

பண்பொழி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரத்தில் அம்மன் கோவில் கொடை, சுடலைமாடன் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் இருப்பது அபூர்வம். பழைய நெல்லை மாவட்டம் முழுவதும் (தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019-ல்தான்), தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கமும் இதே வழக்கம்.

குழு மிகச் சிறியது. ஐந்து முதல் எட்டுப் பேர் இருப்பார்கள். நடுவில் ஆள் உயரத்தைவிட நீளமான வில். அதில் வரிசையாக மணிகள். தலைமைப் பாடகரான புலவர் இரண்டு வீசுகோல்களால் வில்லின் நாணைத் தட்டிக்கொண்டு கதையைப் பாடுவார். வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயை ஒருவர் பத்தையால் அடிப்பார். இன்னொருவர் உடுக்கை. மற்றவர்கள் ஜால்ராவும் கட்டையும். சில குழுக்களில் ஆர்மோனியமும் தபேலாவும் சேர்ந்துவிட்டன. புலவர் பக்கத்தை வலம் என்றும், பின்பாட்டுக்காரர் பக்கத்தை இடம் என்றும் சொல்வார்கள். கதையை வலம் எடுத்துக் கொடுக்க, இடம் வாங்கிப் பாடும்.

கதை உச்சத்துக்குப் போகும்போது புலவரின் குரல் மட்டும் சாமியாடியை எழுப்பிவிடாது. குடமும் உடுக்கையும் சேர்ந்து வேகம் பிடிக்கும் அந்த இடம்தான் எழுப்பும். அங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் இது தெரியும்.

ஆனால் பழைய கொடைப் பதிவு கேசட் ஒன்றைப் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் புலவரின் குரல்தான் பெரிதாகக் கேட்கும். குடம் எங்கோ பக்கத்துத் தெருவில் அடிப்பது போல இருக்கும். உடுக்கை இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். நேரில் ஊரையே அதிர வைத்த குடம் கேசட்டில் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், எந்த மிக்ஸர் வாங்குவது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

தூரமே மிக்ஸராக இருந்த காலம்

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-ல் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் போன்றவர்களின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது மைக்கும் கிடையாது, மின்சாரமும் தேவைப்படவில்லை. ஒரு பெரிய புனல் போன்ற குழாய்க்குள் பாடவேண்டும். அந்த ஒலியின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு போடும்.

ஒரே ஒரு புனல், பல கலைஞர்கள் என்றால் எப்படிக் கலப்பது? ஆட்களை நகர்த்தித்தான்! பாடுபவர் புனலுக்கு மிக அருகில் நிற்பார். சத்தமான வாத்தியக்காரர் பின்னால் தள்ளி உட்காருவார். மெல்லிய ஒலி தரும் வயலின் சரியாகப் பதியாது என்பதால், மேல்நாட்டில் உலோகக் குழாய் பொருத்திய ஸ்ட்ரோ வயலின் என்ற தனி வாத்தியமே பதிவுக் கூடங்களுக்கு வந்தது.

இதற்குப் பின்னால் எளிய விதி ஒன்று இருக்கிறது. திறந்த வெளியில் ஒலி எழும் இடத்தில் இருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அதாவது இரண்டடி தள்ளி இருப்பவர் நாலடிக்குப் போனால் அந்த அளவு குறைந்துவிடும். அந்தக் காலப் பதிவாளர் கண்ணளவில் செய்ததும் இந்தக் கணக்கைத்தான். செலவே இல்லாத மிக்ஸர் இது. இன்றும் பணம் இல்லாத குழுவுக்கு முதல் உதவி இதுதான்.

ஒரே சிக்கல் நேரம். அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்கள்தான் பதியும். இரவு முழுக்கப் பாடும் வில்லுப்பாட்டுக் கதைக்கு அதில் இடம் ஏது?

மைக் வந்தது, குமிழ் வந்தது

1925-ல் அமெரிக்காவில் மின்சார முறைப் பதிவு வணிகத்துக்கு வந்தது. மைக் ஒலியை மின்சாரமாக மாற்றியது. மின்சாரம் என்றான பிறகு அதைக் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு மைக்குகளின் மின்சாரத்தை ஒன்றாகச் சேர்க்கலாம். ஆளை நகர்த்துவதற்குப் பதிலாகக் குமிழைத் திருகினால் போதும். மிக்ஸர் பிறந்தது இப்படித்தான். வானொலி நிலையங்களும் பேசும்பட ஸ்டுடியோக்களும் அதை வளர்த்தன.

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் வெளிவந்தது 1931-ல். தொடக்க காலத்தில் நடிப்பவரே படப்பிடிப்பின்போது பாடவேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் ஒளிந்து வாசிக்கவேண்டும். 1938-ல் வந்த நந்தகுமார் படத்தில் பின்னணிப் பாடல் முறை வந்த பிறகுதான் பாட்டுக்கென்று தனியாக உட்கார்ந்து அளவு பார்த்துப் பதிவு செய்வது சாத்தியமானது.

மிக்ஸரில் இன்று நாம் விரலால் மேலும் கீழும் தள்ளும் ஃபேடர் பரவலானது இன்னும் பிற்பாடுதான். அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் ஒலிப்பதிவாளர் டாம் டௌட் 1950-களில் வட்டக் குமிழ்களை எடுத்துவிட்டு நேர்கோட்டில் நகரும் ஃபேடர்களை வைத்தார். குமிழாக இருந்தால் ஒரு கையால் ஒன்றைத்தான் திருகலாம். ஃபேடராக இருந்தால் ஒரு கையின் விரல்களால் நாலைந்தை ஒரே நேரத்தில் நகர்த்தலாம். பியானோ வாசிப்பது போல!

இன்றைய சிறிய மிக்ஸர்களில் 48 வோல்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதற்கும் ஒரு கதை உண்டு. 1966-ல் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் நார்வே வானொலிக்காக ஒரு கண்டென்சர் மைக் தயாரித்தது. குளிர்காலத்தில் இருள் சூழும் நாடு என்பதால் அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக் கம்பி வழியாக மைக்குக்கும் கொடுத்துவிட்டார்கள். பிறகு அதுவே உலக வழக்கம் ஆனது. நார்வேயின் விளக்குக்கு வைத்த மின்சாரம் இன்று பண்பொழியில் உடுக்கைக்கு வைக்கும் மைக்கையும் இயக்குகிறது!

இந்தக் காலம் முழுவதும் மிக்ஸர் என்பது நிறுவனங்களின் சொத்து. ஒரு குழு வாங்குவதை நினைத்தே பார்க்கமுடியாது. மிக்ஸர் இருக்கும் இடத்துக்குக் குழுதான் போகவேண்டும். நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டைச் சினிமாவுக்கும் நகர மேடைக்கும் கொண்டுபோனார். நெல்லை மாவட்டம் சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அவரோடு சென்னைக்குப் போய், வில்லிசை என்றாலே தன் பெயர் நினைவுக்கு வரும்படி உயர்ந்தார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2022-ல் காலமானார். இருவரும் பெரிய கலைஞர்கள். ஆனால் அவர்களது ஒலி நமக்குக் கிடைத்ததற்குத் திறமையோடு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் மிக்ஸர் இருந்த ஊருக்குப் போனார்கள். கொடையிலேயே வாழ்ந்து மறைந்த புலவர்கள் போகவில்லை.

1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்ததும் அந்தத் தூரம் கொஞ்சம் குறைந்தது. சென்னைக்குப் போகாமல் பாளையங்கோட்டைக்குப் போனால் போதும் என்றானது.

ஊருக்குள் வந்த முதல் மிக்ஸர்

கிராமத்துக்கு மிக்ஸர் வேறு ஒரு வேஷத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. அதுதான் மைக் செட்!

1940-ல் தொடங்கிய அஹுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபையரைக் கல்யாண வீட்டிலும் கோவில் கொடையிலும் பார்க்காத தமிழர் இருக்கமுடியாது. முன்பக்கம் மைக் 1, மைக் 2, ஆக்ஸ் என்று தனித்தனிக் குமிழ்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றின் அளவையும் தனியாகக் கூட்டிக் குறைத்து, கலந்து, குழாய் ஸ்பீக்கருக்கு அனுப்பும். பெயர் ஆம்ப்ளிஃபையர் என்றாலும் உள்ளே ஒரு சின்ன மிக்ஸர் இருக்கிறது. சவுண்ட் சர்வீஸ்காரர்தான் ஊரின் முதல் ஒலிக்கலவையாளர்.

கேசட்டில் குடம் காணாமல் போன மர்மம் இங்கேதான் அவிழ்கிறது. மைக் செட்டின் வேலை, மெதுவாகக் கேட்பதை உரக்கக் கேட்கவைப்பது. குடம் ஏற்கெனவே உரக்கக் கேட்கிறது. அதற்கு எதற்கு மைக்? எனவே இருக்கும் இரண்டு மைக்கில் ஒன்று புலவருக்கு, ஒன்று பின்பாட்டுக்கு. கோவில் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். குரல் ஸ்பீக்கர் வழியாகவும் குடம் நேராகவும் காதுக்கு வந்து, காற்றிலேயே கலந்துவிடும்.

அந்த ஆம்ப்ளிஃபையரில் இருந்து ஒரு கம்பி எடுத்து டேப் ரிக்கார்டரில் போட்டால் என்ன ஆகும்? மைக் வைத்தது மட்டும் பதியும். குரல் மைக்கில் தற்செயலாக விழுந்த அளவுக்குத்தான் குடம் இருக்கும். நேரில் எது அதிகச் சத்தமோ, அது பதிவில் குறைந்த சத்தம். எல்லாம் தலைகீழ்!

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சவுண்ட் சர்வீஸ்காரர் அன்றைய கூட்டத்துக்காகத்தான் கலந்தார். முப்பது வருடம் கழித்துக் கேட்கப்போகிறவருக்காகக் கலக்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கேசட் காலம்

திருநெல்வேலி வானொலி வந்த அதே 1963-ல்தான் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது. இந்தியாவில் அது வெள்ளமாகப் பாய்ந்தது 1980-களில். வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்கள் டேப் ரிக்கார்டரோடு ஊர் திரும்பினார்கள். இசைத்தட்டு அச்சிடத் தொழிற்சாலை வேண்டும். கேசட் நகலெடுக்க ஒரு அறை போதும். வணிகவியல் மொழியில் சொன்னால் நிலையான செலவு விழுந்துவிட்டது. சில நூறு பிரதி விற்றாலும் நஷ்டம் இல்லை என்ற நிலை வந்தபோது, பெரிய கம்பெனிகள் சீண்டாத நாட்டுப்புறப் பாட்டும் ஊர்ச்சாமி பாட்டும் சந்தைக்கு வந்தன. 1983-ல் தொடங்கிய டி-சீரிஸ் வட இந்தியாவில் வளர்ந்தது இந்த வழியில்தான். அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1993-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

ஆனால் நகலெடுப்பதுதான் மலிவானது. பதிவு செய்வது மலிவாகவில்லை. நல்ல மிக்ஸரும் பல மைக்கும் உள்ள ஸ்டுடியோவுக்கு, தென்காசியில் இருந்து மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போகவேண்டும், இல்லாவிட்டால் மதுரை, சென்னை போகவேண்டும். வண்டிச்செலவு, சாப்பாடு, ஸ்டுடியோ வாடகை, அன்று போன கூலி எல்லாம் சேர்ந்து ஒரு கொடை வருமானத்தை விழுங்கிவிடும். அதனால் பலருக்கும் கொடை அன்று மைக் செட்டில் இருந்து எடுத்த பதிவுதான் ஒரே பதிவு. அந்த கேசட்டுகளும் சாரல் காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்து அழிந்துகொண்டிருக்கின்றன.

கதைகள் தப்பித்தன. பேராசிரியர் நா.வானமாமலை போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடிச் சேகரித்ததால் முத்துப்பட்டன் கதை 1971-ல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக அச்சில் வந்தது. வார்த்தைகளைக் காகிதம் காப்பாற்றியது. குடத்தின் அதிர்வை எந்தக் காகிதத்தில் எழுதுவது?

1979: சூட்கேஸ் அளவு ஸ்டுடியோ

ஜப்பானின் டியாக் நிறுவனம் 1979-ல் போர்ட்டாஸ்டுடியோ 144 என்ற கருவியை வெளியிட்டது. ஒரு சிறிய மிக்ஸரும் கேசட் ரிக்கார்டரும் ஒரே பெட்டியில். சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியலாம். விலை 1000 டாலருக்கும் குறைவு.

1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இந்தக் கருவியையும் இரண்டு ஷூர் மைக்குகளையும் வைத்து வீட்டு அறையில் சில பாட்டுகளைப் பதிந்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் பாடிப் பார்த்தும் வீட்டில் வந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் அந்த வீட்டுப் பதிவே நெப்ராஸ்கா என்ற பெயரில் அதே ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. விலை உயர்ந்த மிக்ஸர்தான் நல்ல பதிவைத் தரும் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது எனலாம்.

இந்தக் கருவியின் பெரிய சாதனை விலை மட்டும் இல்லை. கலப்பதைத் தள்ளிப்போடலாம் என்ற வசதியைச் சாதாரண மனிதனுக்குக் கொடுத்ததுதான். குரல் ஒரு தடம், கிடார் ஒரு தடம் என்று தனியாகப் பதிந்துவிட்டால், எது கூட வேண்டும் எது குறைய வேண்டும் என்பதை நாளைக்கு முடிவு செய்துகொள்ளலாம்.

அன்றைய மதிப்பில் ஒரு டாலர் சுமார் 8 ரூபாய். அப்படியானால் எட்டாயிரம் ரூபாய்க்குள் இந்தியாவில் கிடைத்திருக்கவேண்டுமே? அங்கேதான் சுங்கவரி குறுக்கே நின்றது. 1991 சீர்திருத்தங்களுக்கு முன்னால் இந்தியாவின் சுங்கவரி உச்ச அளவு 300 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. அதோடு இறக்குமதி உரிமம் வேறு. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தன் வீட்டிலேயே பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992-ல் வந்த ரோஜா அதன் பலன். அது நடந்தது கோடம்பாக்கத்தில். மலையடிவாரக் கிராமத்துக்கு அந்த அலை வந்து சேர இன்னும் பல வருடங்கள் ஆயின.

விலைப் போர்

மலிவு மிக்ஸர் வரலாற்றில் அடுத்த பெயர் கிரெக் மேக்கி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அவர் தொடங்கிய நிறுவனம் 1991-ல் சி.ஆர்-1604 என்ற மிக்ஸரைக் கொண்டுவந்தது. சிறிய உருவம், 16 சானல், அடிபட்டாலும் தாங்கும் இரும்புப் பெட்டி. வீட்டு ஸ்டுடியோக்காரர்கள் கொண்டாடினார்கள்.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். 16 சானல் இருந்தாலும் மைக் போடும் முன்பெருக்கி அதில் 6 மட்டுமே! மற்றவை கீபோர்டு போன்ற கருவிகளுக்கானவை. கூடுதல் மைக் வேண்டுமென்றால் தனியாக ஒரு இணைப்பு வாங்கவேண்டும்.

காரணம் செலவுதான். மைக்கில் இருந்து வரும் மின்சாரம் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் அளவே. அதைப் பயன்படும் அளவுக்குக் கொண்டுவர 60 டெசிபல் வரை, அதாவது ஆயிரம் மடங்கு வரை பெருக்கவேண்டியிருக்கும். இரைச்சல் சேராமல் ஆயிரம் மடங்கு பெருக்குவதுதான் மிக்ஸரின் கடினமான வேலை, செலவான பகுதியும்கூட. விலையைக் குறைக்க நினைக்கும் எந்த நிறுவனமும் முதலில் கை வைப்பது அங்கேதான்.

1989-ல் ஜெர்மனியில் ஊலி பெரிங்கர் தொடங்கிய நிறுவனம் இன்னும் கீழே இறங்கியது. உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோய் விலையை வெகுவாகக் குறைத்தது. தன் வடிவமைப்பை நகலெடுத்ததாக மேக்கி நிறுவனம் 1997-ல் வழக்குப் போட்டது. மின்சுற்றுப் பலகைக்குப் பதிப்புரிமைச் சட்டம் பொருந்தாது என்று அந்தக் கோரிக்கை அமெரிக்க நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நியாயம் யார் பக்கம் என்ற விவாதம் ஒலிப்பதிவாளர்கள் நடுவே நெடுநாள் ஓடியது. வாங்குகிறவருக்குக் கிடைத்த பலன் ஒன்று: மிக்ஸர் விலை மறுபடி மேலே ஏறவில்லை.

இன்னொரு பக்கம் 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தது. 2005-க்குள் கணினி மீதான சுங்கவரி பூஜ்யத்துக்கு வந்தது. 2000-ல் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் வெளியானது. ரிக்கார்டர் வாங்கும் செலவு மறைந்து, வீட்டுக் கணினியே ரிக்கார்டர் ஆனது. மிக்ஸரில் இருந்து யு.எஸ்.பி. கம்பி ஒன்று கணினிக்குப் போனால் போதும்.

வரலாறு சொல்லும் கணக்கு

ஆறு பேர் கொண்ட ஒரு வில்லுப்பாட்டுக் குழு இன்று கடைக்குப் போனால் இந்த வரலாற்றில் இருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதலாவது, சானல் எண்ணிக்கையைப் பார்க்காமல் மைக் எண்ணிக்கையைப் பார்ப்பது. மேக்கி காலத்து வழக்கம் இன்னும் மாறவில்லை. யமாஹாவின் எம்.ஜி.10 வகையில் 10 சானல் என்றாலும் மைக் 4 தான். எம்.ஜி.12 வகையில் மைக் 6. புலவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, வில்லுக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று என்று எண்ணினாலே ஐந்து. ஆர்மோனியம் இருந்தால் ஆறு. ஜால்ராவுக்கு மைக் வேண்டாம், அது எல்லா மைக்கிலும் தானாகவே விழும். அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதுதான் வழி. கைஸ்பெர்க் காலத்து வைத்தியம்!

இரண்டாவது, கலப்பதைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்பது. யு.எஸ்.பி. இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தாலும், மலிவான மிக்ஸர்கள் பெரும்பாலும் இடது வலது என்று இரண்டு தடமாகக் கலந்ததைத்தான் கணினிக்கு அனுப்பும். குடம் குறைந்திருந்தால் பிறகு கூட்டமுடியாது. ஒவ்வொரு மைக்கையும் தனித் தடமாக அனுப்பும் கருவிக்கு விலை கூடும். அந்தப் பணம் இல்லையென்றால், பாட்டு தொடங்கும் முன் பத்து நிமிடம் பாடிப் பார்த்து, பதிந்ததை ஹெட்போனில் கேட்டு அளவு சரிசெய்யவேண்டும். கதையின் உச்சத்தில் குடம் எவ்வளவு ஏறுமோ அந்த வேகத்திலேயே அடித்துப் பார்க்கவேண்டும். மெதுவாக அடித்து அளவு வைத்தால் உச்சத்தில் பதிவு கிழிந்துவிடும்.

மூன்றாவது, சின்ன விஷயங்கள். கண்டென்சர் மைக் பயன்படுத்தினால் 48 வோல்ட் பொத்தான் அவசியம். சில மிக்ஸர்களுக்குத் தனி அடாப்டர் வரும். கொடை நடுவில் அது பழுதானால் அதே வகை உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மிக்ஸரையும் கணினியையும் ஒரே மின் இணைப்பில் இருந்து எடுத்தால் உறுமல் சத்தம் குறையும்.

செல்போன் போதாதா என்று கேட்கலாம். ஒரு நினைவுக்குப் போதும். ஆனால் பல செல்போன்கள் சத்தம் ஏறினால் தானே குறைத்துக்கொள்ளும், இறங்கினால் தானே கூட்டிக்கொள்ளும். உடுக்கை மெல்லத் தொடங்கி ஏறி ஏறிப் போகும் அந்த ஏற்றம்தான் வில்லுப்பாட்டின் உயிர். செல்போன் அதை ஒரே மட்டமாக்கிவிடும்.

செலவு? உதாரணத்துக்கு மிக்ஸர், மைக், கம்பி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 20 கொடை, மூன்று ஆண்டில் தேய்மானம் முழுவதும் கழியும் என்றால் மொத்தம் 60 கொடை. ஒரு கொடைக்கு 400 ரூபாய். ஆறு பேர் பகிர்ந்தால் தலைக்கு 67 ரூபாய்க்கும் குறைவு. போர்ட்டாஸ்டுடியோ காலத்தில் சுங்கவரியும் ஸ்டுடியோ வாடகையும் தடுத்ததை இன்று ஒரு சாப்பாட்டுச் செலவு தீர்த்துவிடுகிறது.

முடிவாக

1902-ல் புனலுக்கு அருகில் நின்றவர் பதிந்தார். பிறகு வானொலிக்குப் போனவர் பதிந்தார். பிறகு மைக் செட்டில் மைக் கிடைத்தவர் பதிந்தார். ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் வெளியே நின்றார். அவர் குறைந்த கலைஞர் என்பதால் இல்லை, அவருக்கு ஒரு மைக் ஒதுக்கப்படவில்லை என்பதால்.

பழைய கேசட்டுகளில் காணாமல் போன குடக்காரர்களையும் உடுக்கைக்காரர்களையும் இனி மீட்கமுடியாது. அவர்களில் பலர் இன்று இல்லை. இப்போது அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கொடைக்கு முன்னால் மிக்ஸர் வாங்கப் போகும் குழு, கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன் இதில் எத்தனை மைக் போடலாம் என்று கேட்கட்டும். குடத்துக்கும் உடுக்கைக்கும் இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு விலை பேசலாம்.